பத்தாவது தெரு

ஏப்ரல் 3, புதன்

எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டர் மாதிரி, ஞானசிகாமணி சார் என் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்பது புள்ளிகள் ஒரே சரிவில் இறங்குகின்றன. பத்தாவது புள்ளி மட்டும் மேலே, மூலையில், யாரோடும் சேராமல் நிற்கிறது.

"இது என்னம்மா?"

"கன்னியப்பன் தெரு சார்."

"இது ஏன் இங்க நிக்குது?"

"தெரியல சார்."

"எடுத்துடு."

மூன்று வருட ஆராய்ச்சி இந்த ஒரு வார்த்தையில் வந்து முடிகிறது. தண்ணீர் லாரி வரும் தெருக்களில் எங்கே குடவரிசை நிலைக்கிறது, எங்கே அடிதடியாகிறது என்பது என் ஆய்வு. தெருவில் குடும்பங்கள் கூடக் கூட வரிசை குலையும் என்பது சாரின் விதி. ஒன்பது தெருக்கள் அவர் சொன்னபடி நடந்துகொண்டன. எல்லாவற்றையும்விடப் பெரிய கன்னியப்பன் தெருவில், மார்ச்சில் நான் போய் நின்ற வாரம் முழுக்க ஒரு வசவுகூட விழவில்லை. பள்ளிக்கூடத்து பிரேயர் மாதிரி குடங்கள் நின்றன.

"இயற்பியல்காரன் நம்மளப் பாத்துச் சிரிக்கிறான்மா" என்றார். "அவன்கிட்ட விதி இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? 'ஒரு பக்கம் பாத்தா இப்படி, இன்னொரு பக்கம் பாத்தா அப்படி.' ஒரே ஒரு விதியைக் குடுத்துட்டு நான் ரிட்டயர் ஆகணும்."

ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் நான் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புது நெறியாளர், புதுத் தலைப்பு, முதலிலிருந்து எல்லாம். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "பத்துக் கல்லை விட்டு, ஒன்பது கீழ விழுந்து ஒண்ணு மேல போனா, அந்த ஒண்ணை எடுத்துடுவாங்களா சார்?"

முறைத்தார். "அப்ப அது ஏன் மேல போச்சுன்னு சொல்லு. ஜூனுக்குள்ள."

சரி, அங்கேயே போய்க் குடியிருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அறை கிடைத்துவிட்டது. பெரம்பூர் பக்கம், மாடியில் ஒற்றை அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். சமூக அறிவியலில் பொதுவிதி உண்டோ இல்லையோ, சென்னையில் ஒன்று உண்டு: பத்து மாத அட்வான்ஸ். அதுவும் இங்கே பொய்த்தது.

"அட்வான்ஸா? உங்ககிட்டயா?" கீழ்வீட்டில் இருக்கும் கஸ்தூரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க மேடம். நீங்க இங்க வந்து தங்குனா அதுவே போதும்."

சாமான் இறக்கும்போது எதிர்வீட்டு ரெஜினா, தெருவிலேயே பெரிய குரல்காரி, என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "லாரில வந்து எறங்குன மேடம்தானே?"

ஆமாம். மார்ச்சில் முதல் நாள் வரும்போது ஆட்டோ பாலத்தருகே நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த தண்ணீர் லாரியை நிறுத்தி விலாசம் கேட்டேன். "நானே அங்கதாம்மா போறேன், ஏறு" என்றார் டிரைவர் பிச்சாண்டி. தலையெல்லாம் புழுதியோடு, கையில் எழுதும் அட்டையோடு, லாரியிலிருந்து குதித்தேன். அதை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்களின் ஞாபகசக்தியே ஒரு தனி ஆய்வுக்குரியது.

முன்பணம் கேட்காததைக் குறிப்பேட்டில் "அந்நியர் மீது இயல்பான நம்பிக்கை" என்று எழுதிக்கொண்டேன். முதல் தடயம்.

ஏப்ரல் 12, வெள்ளி

லாரி நான்கு மணிக்கு வந்தது. மத்தியானமே குடங்கள் வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஆள் வீட்டுக்குப் போய்விடலாம், குடம் அவளுக்காக நிற்கும். மற்ற தெருக்களில் அப்படி நிற்கும் குடத்தைக் காலால் தள்ளுவார்கள், நடுவில் சொருகுவார்கள், பிறகு "எம்மாடி, என் கொடம்" என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். இங்கே யாரோ ஒருத்தியின் குடம் காற்றில் உருண்டபோது, பின்னால் இருந்தவள் அதை எடுத்து அதே இடத்தில் வைத்து உள்ளே ஒரு கல்லையும் போட்டாள்.

என் பச்சைக் குடம் வரிசையின் தலையில் நின்றது. நான் வைக்கவில்லை.

"நான் கடைசியா வந்தேன், கடைசியிலயே வைங்க" என்றேன்.

"அது அப்டித்தான் மேடம்" என்றாள் ரெஜினா. "எங்க தெருப் பழக்கம்."

குறிப்பேட்டில்: "விருந்தினரை முன்வைக்கும் மரபு."

"நாளைக்கு வண்டி வருமா மேடம்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். மற்ற ஊர்களில் மழை வருமா என்று கேட்பதுபோல இங்கே இதுதான் பேச்சுத் தொடக்கம் போலிருக்கிறது. "வரும்னு நினைக்கிறேன்" என்றேன். முகங்கள் மலர்ந்தன. சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி வந்தது, மூன்று வீட்டிலிருந்து.

ஏப்ரல் 20, சனி

கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் போன். "ஏட்டி, பொதுவா பொம்பளப் பிள்ளைக்கு இருபத்தெட்டு தாண்டுனா நல்ல எடம் அமையாது பாத்துக்க."

எல்லோரிடமும் ஒரு "பொதுவா" இருக்கிறது. நான் மட்டும்தான் அதற்கு ஆதாரம் தேடித் தெருத்தெருவாக அலைகிறேன். "நீயும் என்னை மாதிரி வீட்டுக்கு அடங்கின பிள்ளையா இருப்பேன்னு நெனச்சேன். தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "வாத்தியார் பிள்ளை மக்குன்னும் சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். அப்பா வாத்தியார். போனை வைத்துவிட்டாள்.

நம் பழமொழிகள் எல்லாமே பொதுவிதிகள்தான். ஒவ்வொன்றுக்கும் எதிராக ஒன்று தயாராக இருப்பதால் எந்த விதியும் என்றைக்கும் தோற்பதில்லை. சாருக்கு இந்த வசதி இல்லை, பாவம்.

மே 2, வியாழன்

தோல்விகளின் பட்டியல் போடுவதில் பயனில்லை, ஆனாலும் எரிச்சல் தாங்கவில்லை. ஒரே சாதி என்பதால் ஒற்றுமையா? இங்கே எல்லாச் சாதியும் உண்டு, மூன்று மதமும் உண்டு. தலைமை? அம்மன் கோவில் கமிட்டியே இரண்டாக உடைந்து இரண்டு ஸ்பீக்கர் கட்டுகிறது. காலம்காலமான பழக்கம்? அந்தக் கடைசி நம்பிக்கையை இன்று கஸ்தூரி அக்கா உடைத்தார்.

"பழக்கமா? போன வருசம் ரெஜினா கொடத்தாலேயே அடிச்சி ஜரீனாக்கு நாலு தையலு. எம் பொண்ணு தேவிய அப்போ கீய தள்ளி வுட்டாங்க."

தேவி இப்போது பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். புருஷன் வெளியூரில். அக்காவுக்கு முட்டிவலி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தேவிதான் வரிசைக்குப் போகிறாள்.

ஆக, போன வருடம் அடிதடி. இந்த மார்ச்சில் அமைதி. மார்ச்சில் இந்தத் தெருவுக்குள் புதிதாக என்ன வந்தது? எல்லோரையும் கேட்டுவிட்டேன். சிரிக்கிறார்கள். "நல்லது வந்துச்சி மேடம்" என்றாள் ஜரீனா. பொருளற்ற பதில்.

மே 9, வியாழன்

கல் விழும்போது பக்கத்துக் கல் என்ன நினைக்கும் என்று யோசிப்பதில்லை. இயற்பியல்காரனுக்கு வாழ்வு.

மே 16, வியாழன்

இரண்டு நாளாக லாரி வரவில்லை. இன்று மத்தியானம் படியில் காலடிச் சத்தம். ரெஜினா, கையில் வஞ்சிரம் வறுவலோடு. அவளுக்குப் பின்னால் ஒரு படி கீழே ஜரீனா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள் ரெஜினா. "நாங்கதான் சண்டையே போடலியே. அப்பறம் ஏன் வண்டிய நிறுத்திட்டீங்க?"

மே 17, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. வறுவல் நன்றாக இருந்தது.

மே 18, சனி

எழுதியே ஆகவேண்டும்.

இவர்கள் கணக்கில் நான் தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்தவள். லாரியிலிருந்து இறங்கினேன், கையில் அட்டை, எந்தத் தெருவில் யார் சண்டை போடுகிறார்கள் என்று எழுதுகிறேன். சண்டை போடும் தெருவுக்கு வண்டியை நிறுத்திவிடுவேன். அட்வான்ஸ், பஜ்ஜி, வரிசைத் தலையில் பச்சைக் குடம், எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். "இயல்பான நம்பிக்கை." "விருந்தினர் மரபு." அந்தப் பக்கங்களைப் பார்க்கவே உடம்பு கூசுகிறது.

மார்ச்சில் இந்தத் தெருவுக்குள் புதிதாக வந்தது நான். தெருத்தெருவாகக் காரணத்தைத் தேடினேன், அது என் செருப்புக்குள் இருந்திருக்கிறது.

லாரி இன்று வந்துவிட்டது. பிரேக் பழுதாம். பிச்சாண்டி சொன்னதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. அத்தனை பேரும் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். திரையை இழுத்துவிட்டேன்.

மே 23, வியாழன்

உண்மையைச் சொன்னால் நாளைக்கே குடம் பறக்கும். பத்தாவது புள்ளி கீழே இறங்கி மற்ற ஒன்பதோடு சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சாரின் விதி ஜெயிக்கும். எனக்குப் பட்டம். தேவிக்கு எட்டாம் மாதம்.

சொல்லாவிட்டால் தொண்ணூறு குடும்பத்தை ஏமாற்றிக்கொண்டு, அவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டு, "மனித ஒத்துழைப்பின் அரிய எடுத்துக்காட்டு" என்று பொய் எழுத வேண்டும்.

நேர்மையாக இருந்தால் அடிதடி, பொய் சொன்னால் ஒழுங்கு. இதற்கு எந்த நூலிலும் தீர்வு இல்லை. இந்த மாதம் மட்டும் எத்தனை படித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மே 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முதலில் கஸ்தூரி அக்காவிடம் மட்டும். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் தண்ணி ஆபீஸ் இல்ல. யூனிவர்சிடில ஆராய்ச்சி பண்றேன். லாரிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

தலை நிமிரவில்லை. "தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீ வந்த மூணாம் வாரமே பிச்சாண்டிய கேட்டுட்டேன். 'யாரோ அட்ரஸ் கேட்டுச்சி, ஏத்திக்கினேன்'னான்." இதுவரை இருந்த 'நீங்க' எங்கே போனது என்று தெரியவில்லை.

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்கு மட்டும்தான தெரியும். மத்ததுங்க எல்லாம் உன்ன ஆபீசருன்னு நம்பிக்கினு கீது. அதுங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே எம் பொண்ணு கீய வியுவா." பூண்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "வாயத் தொறந்தே, அட்வான்ஸ் கேப்பேன். உரி."

உரித்தேன்.

மே 29, புதன்

அப்படியும் மனது ஆறவில்லை. மீன் வறுத்துக் கொண்டுவந்தவளிடமாவது சொல்ல வேண்டாமா? மாதா கோவில் வாசலில் ரெஜினாவைத் தனியாகப் பிடித்தேன்.

"ஐய, அது எனக்கு ஈஸ்டர் அப்பவே தெரியும்" என்றாள். "ஆபீசருங்க பஸ் பாஸ் வெச்சிக்கினு சுத்துவாங்களா? உன் பையில பாத்தேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் வண்டிய நிறுத்துனேன்னு கேட்டீங்க?"

"பின்னாடி ஜரீனா நின்னுக்கினு இருந்தா இல்ல? அவ நம்பணுமே! அவளுக்கு மட்டும் தெரிஞ்சிது, போன வருசத்துத் தையலுக்குப் பழி வாங்கிடுவா." கையைப் பிடித்துக்கொண்டாள். "மாதா மேல ஆணையா யார்கிட்டயும் சொல்லாத. கஸ்தூரிக்குக்கூட. அது பாவம், ஒன்ன அப்படி நம்புது."

ஜூன் 1, சனி

ஜரீனா: "எனக்குத் தெரியுங்க. ஆனா ரெஜினா ரொம்ப நம்பிட்டிருக்கா. அவ மூஞ்சிய பாத்தீங்க இல்ல அன்னிக்கி? சொல்லிடாதீங்க."

ஜூன் 5, புதன் (ரம்ஜான்)

ஜரீனா வீட்டுப் பிரியாணி. வந்திருந்தவர்களிடம் ஒவ்வொருத்தியாகச் சாடையாகப் பேச்சுக் கொடுத்தேன். எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறாள். மற்ற எல்லோரும் நம்புகிறார்கள் என்று நம்பி, மற்ற எல்லோருக்காகவும் நடிக்கிறாள். அத்தனை பேருக்கும் தெரியும் என்பது தெரிந்த ஒரே ஆள் நான்.

மாடிக்கு வந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு பெரிய எழுத்தில் எழுதினேன்: ஒழுங்கைக் காப்பாற்ற யாரும் எதையும் நம்ப வேண்டியதில்லை. பக்கத்துக் குடத்துக்காரி நம்புகிறாள் என்று நினைத்தால் போதும்.

எழுதி முடித்துவிட்டுத்தான் கவனித்தேன். நானும் விதி எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாளாமல் சாரிடம் கொட்டிவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இதாம்மா! இதுக்கு முன்னாடி என் விதி ஒண்ணுமே இல்ல!" ஒரு கணம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. "ஆனா நீ தனித்தனியாப் பேசினது ஆதாரம் ஆகாது. ஒரு ஹால் எடுப்போம். அந்தத் தெருப் பெண்கள் எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு, ஒருத்தர் முன்னாடி ஒருத்தரைக் கேப்போம். ரெக்கார்ட் பண்ணுவோம்."

"அப்ப எல்லாருக்கும் தெரியும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார். வரிசை உடைஞ்சிடும்."

"உடையட்டுமே! உடைஞ்சாத்தானேம்மா விதி நிரூபணம் ஆகும்?"

"அங்க ஒரு பொண்ணுக்கு நிறைமாசம் சார். போன வருஷம் கீழ தள்ளியிருக்காங்க."

"அது நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராதும்மா" என்றார். கொடுமையான மனிதர் அல்ல. தன் காபியில் எனக்குப் பாதி ஊற்றித் தருகிறவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு ஹாலுக்குச் சொல்லிவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

தேவியோடு வரிசையில் நின்றேன். அவளுக்கு முன்னால் இருந்தவள் நகர்ந்து, "நீ மொதல்ல புடி" என்றாள். தேவி என் காதில் சொன்னாள்: "உங்களுக்கு பயந்துதாங்க்கா வுடுறா. எனக்குத் தெரியும், நீங்க ஆபீஸ் இல்ல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

ஜூன் 12, புதன்

சாரின் அறை. வரைபடத்தை மேசைமேல் விரித்தேன்.

"சார், கன்னியப்பன் தெருவை எடுத்துடலாம்."

"என்னம்மா, கூட்டம் வெச்சிருக்கே?"

"நான் லாரியில போய் இறங்கினதே தப்பு சார். பார்க்கப் போனவளே காரணமாயிட்டா அது ஆய்வா? யாராவது தேர்வாளர் கேட்டா என்ன சொல்றது?" ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "புது விதிக்கு ஒரே ஒரு தெருதான் இருக்கு. பத்துத் தெரு வேணும்னா இன்னும் ரெண்டு வருஷம். உங்க விதிக்கு ஒன்பது புள்ளி கையில இருக்கு. ஜூன் முடியப்போகுது."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. எதற்காகச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கட்டைவிரலால் பத்தாவது புள்ளியை மறைத்தார். ஒன்பது புள்ளிகள், ஒரே சரிவு.

"எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா?" என்றார். "இத ஏப்ரல்லயே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்."

"நீதான் கேக்கல."

"ஆமா சார்."

என் எதிரிலேயே போன் செய்து ஹால் வேண்டாம் என்றார். மூன்று வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒன்றே ஒன்று அவர் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணில் தூசி.

ஜூன் 21, வெள்ளி

தேவிக்குப் பெண் குழந்தை. கஸ்தூரி அக்கா தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தார். எனக்கு இரண்டு.

ஜூன் 27, வியாழன்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். விதி தடித்த எழுத்தில், நடுப் பக்கத்தில், ஒன்பது தெருக்களின் பலத்தோடு நிற்கிறது. சார் மைசூர்பா கொடுத்துவிட்டுக் கண் கலங்கினார். அம்மா, "இனியாவது பொதுவா எல்லாரையும் போல இரு" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

அறையைக் காலி செய்யவில்லை. இவ்வளவு புத்தகங்களையும் மூட்டை கட்டி இறக்க அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வு முடிந்ததால் இன்று ஒன்றை முடிவு செய்தேன்: இனி எல்லோரையும்போல நிற்பது. லாரி வரும் நேரத்துக்கு நானே இறங்கிப் போய், வரிசையின் தலையில் நின்ற என் பச்சைக் குடத்தை எடுத்து, கடைசியில், ஜரீனா வீட்டு நீலக் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே கல்லும் போட்டேன். நிம்மதியாக இருந்தது.

ரெஜினா ஜரீனாவைப் பார்த்தாள். ஜரீனா என் குடத்தைப் பார்த்தாள். நடுவில் எவளோ தன் குடத்தை மெல்ல ஓரடி முன்னால் நகர்த்தினாள்.

கஸ்தூரி அக்கா முட்டிவலியோடு ஓடி வந்தார். ஒரு கையில், துணியில் சுற்றிய தேவியின் குழந்தை.

"இன்னா மேடம் இது, நீங்க போய்ப் பின்னாடி நிக்கிறதா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். பிறகு குனிந்து, என் முழங்கையைக் கிள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "லூசா நீ? கொழந்தைக்கு இன்னும் தண்ணி புடிக்கல. எடுத்து முன்னாடி வைடீ."

எடுத்து முன்னால் வைத்தேன். முன்னால் நகர்ந்த குடம் ஓரடி பின்னால் போனது.

"நாளைக்கு வண்டி வருமா மேடம்?" என்று ஆரம்பித்தாள் ரெஜினா, உரத்த குரலில், ஜரீனாவுக்குக் கேட்கும்படி.

"வரும்" என்றேன்.